பத்தீர்: எட்டு நாட்கள் கொண்ட வாரம்

பாலஸ்தீனம் என்றதும் இன்று நம் நினைவில் எழுவன குண்டுவீச்சும் குருதியும் அகதிக் கூடாரங்களுமே. 2023 அக்டோபருக்குப் பின் அங்கு நிகழ்ந்தவற்றைக் கேட்டு உறக்கம் இழந்தோர் நம் இல்லங்களில் பலர். ஆயினும், ஒரு மண்ணின் வழக்கை அறிய விழைவோர்க்கு அழிவின் கணக்கு மட்டும் போதாது. அம்மண்ணில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதைக் காக்க முயன்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். அதற்கு ஒரு சிற்றூரின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

பைத்துல் முகத்தஸ் என நாம் போற்றும் ஜெருசலம் நகருக்குத் தென்மேற்கே, சில கல் தொலைவில், மலைச்சரிவில் அமைந்த ஊர் பத்தீர். அங்கே ஊற்றுநீர் பழங்காலக் குளமொன்றில் தேங்கி, வாய்க்கால்கள் வழியே படிப்படியாக அமைந்த வயல்களுக்கு இறங்குகிறது. ஜைத்தூனும் திராட்சையும் கத்தரியும் அங்கு விளைகின்றன. ஊரின் எட்டுப் பெருங்குடும்பங்கள், நாளுக்கு ஒன்றாக முறைவைத்து அந்நீரைப் பாய்ச்சி வந்துள்ளன. குளத்து நீரின் ஆழத்தைக் கோலால் அளந்து பங்கு காண்பர். எனவேதான், பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாட்கள் என்னும் வழக்கு உண்டாயிற்று.

இவ்வூரின் பெயரில் ‘பெத்தார்’ என்னும் பழம்பெயர் ஒலிக்கிறது. உரோமப் பேரரசை எதிர்த்துப் பார் கோக்பா தலைமையில் கிளர்ந்த யூதர்களின் இறுதிக் கோட்டை கி.பி. 135இல் வீழ்ந்தது இங்கேதான் என்பது ஆய்வாளர் கருத்து. யூதருக்கு இம்மண்ணில் பழைய நினைவு உண்டு என்பதை மறுப்பது வரலாற்று நேர்மை ஆகாது. ஆனால் நினைவு வேறு. அங்கே வாழ்வோரை அகற்றும் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதில் பிணக்கு வேர்கொண்டது.

1917 நவம்பர் 2ஆம் நாள் பால்ஃபர் பிரகடனம், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைய ஆங்கில அரசு துணை நிற்கும் என்றது. அன்று அந்நாட்டு மக்களில் பத்தில் ஒன்பது பங்கினரான அரபியரோ, அதில் ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று மட்டுமே குறிக்கப்பட்டனர். அவர்களுடைய விருப்பம் கேட்கப்படவில்லை. 1947 நவம்பர் 29இல் ஐக்கிய நாடுகள் சபை நாட்டைப் பிரிக்கத் தீர்மானித்தது. தொடர்ந்த போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் தம் இல்லங்களை இழந்தனர். அமைதியாக வாழ விரும்பித் திரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என 1948 டிசம்பர் 11இல் அச்சபை இயற்றிய 194ஆம் தீர்மானம் நிறைவேறாமலே நிற்கிறது.

அப்போரின் இறுதியில் ஜெருசலத்தில் இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானும் ஜோர்டானியத் தளபதி அப்துல்லாஹ் அத்தல்லும் வரைபடத்தில் எல்லை வரைந்தனர். இருபதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட படம் அது. அவர்கள் பயன்படுத்திய எழுதுகோலின் கோடு மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிப்புடையது. அத்தடிப்பு நிலத்தில் அறுபது முதல் எண்பது மீட்டர் அகலமாயிற்று! அக்கோட்டின் அகலத்துக்குள் வீடுகளும் தெருக்களும் சிக்கின.

பத்தீரின் கதையும் கோட்டின் கதையே. 1892இல் திறக்கப்பட்ட யாஃபா–ஜெருசலம் இரயில் பாதை இவ்வூரின் பள்ளத்தாக்கு வழியே செல்கிறது. அப்பாதை தன்வசம் இருத்தல் வேண்டும் என்பதில் இஸ்ரேல் உறுதியாக நின்றது. போரச்சத்தால் ஊரார் பலர் வெளியேறிய வேளையில், ஹசன் முஸ்தஃபா என்னும் கல்விமான் எஞ்சியோரை ஒன்றுதிரட்டினார். ஊர் வெறுமையானதன்று எனக் காட்ட, ஆளற்ற வீடுகளிலும் விளக்கேற்றி வைத்ததாக ஊரார் இன்றும் கூறுவர். 1949 ஏப்ரல் 3இல் ரோட்ஸ் தீவில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டி ஓர் ஏற்பாடு உருவாயிற்று. இரயிலுக்கு ஊறு நேராமல் ஊரார் காப்பர். கோட்டுக்கு அப்பாலுள்ள தம் நிலங்களில் அவர்கள் தொடர்ந்து பயிரிடலாம் என்பதே அது. ஊரார் சொல் காத்தனர். நிலமும் அவர்களிடம் நிலைத்தது.

1967 போரில் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்கு உள்ளாயிற்று. 1995ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அதை மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்தபோது, பத்தீரின் விளைநிலங்களில் பெரும்பகுதி இஸ்ரேலின் முழு அதிகாரத்துக்குட்பட்ட வகையில் சேர்ந்தது. 2002இல் இஸ்ரேல் எழுப்பத் தொடங்கிய பிரிவுச் சுவர் இப்படிவயல்களையும் ஊடறுக்கும் எனத் திட்டமிடப்பட்டது. ஊரார் நீதிமன்றம் சென்றனர். இஸ்ரேலியச் சூழலியலாளரும் அவர்களுடன் நின்றனர். அந்நாட்டின் இயற்கை, பூங்காத் துறையே சுவரால் கேடு விளையும் என்று உரைத்தது. 2014இல் யுனெஸ்கோ இவ்வயல்களை ஆபத்துக்குள்ளான உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. 2015இல் வழக்கு முடிவுற்றது. அங்கே சுவர் எழவில்லை.

எனினும் அச்சம் அகலவில்லை. இந்த ஆக்கிரமிப்பு சட்டத்துக்கு முரணானது எனச் சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலையில் கருத்துரைத்தது. அடுத்த மாதமே, பத்தீரின் மரபு நிலப்பரப்புக்குள் நஹல் ஹெலெட்ஸ் என்னும் புதிய குடியேற்றத்துக்கு இஸ்ரேலிய அரசு எல்லை வகுத்தது.

இவ்வரலாற்றில் நாம் காணும் உண்மை ஒன்று உண்டு. மண்ணில் வாழ்வோரைக் கேளாது வரைந்த கோடுகள் எதுவும் அமைதி தரவில்லை. உழுவோரின் சொல்லையும் உரிமையையும் ஏற்று அமைந்த அந்தச் சிறிய ஏற்பாடோ, இரு பகை நாடுகளின் நடுவே பதினெட்டு ஆண்டுகள் நிலைத்து நின்றது. நிலம் அமானிதம் என்று நம்புவோர் நாம். அதைப் பேணுவோரின் ஹக்கை மறுத்துவிட்டு நீதியைத் தேடுவது, ஊற்றை அடைத்துவிட்டு நீரைப் பங்கிடுவது போலாகும். எட்டுக் குடும்பங்கள் ஒரு குளத்தை அளந்து பகிரக் கற்ற அந்த ஊர், வரைபடத்தின் முன் அமரும் வல்லரசுகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.