ஸ்மார்ட் பிளக்கில் எதைச் செருகலாம், எதைச் செருகக் கூடாது?

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண முறை நடப்பில் இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதில் வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணம் கூடுதல். மற்ற நேரங்களில் குறைவு. "அப்போ ஒரு ஸ்மார்ட் பிளக்கை வாங்கி, ஹீட்டரையும் டிரையரையும் ராத்திரி 10 மணிக்கு மேல தானா ஓட விட்டா என்ன?" என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் யூனிட்டுக்கு சுமார் 4 சென். 3,600 வாட் வாட்டர் ஹீட்டரை தினம் அரை மணி நேரம் என்று 22 வார நாள்களுக்கு நேரம் மாற்றி ஓட்டினால், சுமார் 40 யூனிட். மிச்சம் ஏறக்குறைய 1 ரிங்கிட் 60 சென். ஒரு தே தாரிக்குக்கே போதுமா என்பது சந்தேகம்தான்.

13 ஆம்பியர் என்றால் எவ்வளவு?

நம் நாட்டின் மூன்று கால் பிளக் அதிகபட்சம் 13 ஆம்பியர் மின்னோட்டத்துக்கானது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 2,990 வாட். நல்ல ஸ்மார்ட் பிளக்கின் பெட்டியில் இந்த எண்ணைத்தான் பார்ப்பீர்கள். மலிவானவை பல 10 ஆம்பியர்தான், அதாவது 2,300 வாட். சதுரக் கால்கள் உள்ள பிளக்கில் "16 ஆம்பியர்" என்று போட்டிருந்தால், வாங்காதீர்கள். அந்த வகை பிளக்குக்கு அப்படி ஓர் அளவே கிடையாது.

இப்போது சாதனத்தின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 2,000 வாட் கெட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,600 வாட் வாட்டர் ஹீட்டர் 15.6 ஆம்பியருக்கு மேல். அதை எந்த ஸ்மார்ட் பிளக்கும் தாங்காது. ஹீட்டருக்கு டிபி பாக்ஸிலிருந்து தனி வயர், தனி 20 ஆம்பியர் சுவிட்ச், 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். இடையில் பிளக் எதுவும் வரக்கூடாது.

சூடேறினால் பிரேக்கர் விழாதா?

விழாது. பலரும் தவறாக நம்பியிருப்பது இங்கேதான். சாக்கெட்டுக்கான பிரேக்கர் 20 அல்லது 32 ஆம்பியர் அளவில் இருக்கும். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். இரண்டும் மின்னோட்டம் அளவைத் தாண்டினால்தான் விழிக்கும். பிளக்கின் காலும் சாக்கெட்டின் உள் தகடும் இறுக்கமாகப் பிடிக்காத இடத்தில், மின்னோட்டம் அளவுக்குள் இருக்கும்போதே வெப்பம் உண்டாகும். ஆர்சிசிபி மின்கசிவை மட்டுமே பார்க்கும். வெப்பம் அதன் கண்ணுக்கும் தெரியாது.

அந்தத் தளர்ந்த இடத்தின் மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். 2 ஆம்பியர் போனால் அங்கே உண்டாகும் வெப்பம் 0.4 வாட், பொருட்படுத்த வேண்டியதில்லை. 13 ஆம்பியர் போனால் 17 வாட். ஒரு சின்ன சோல்டரிங் அயனின் அளவு அது. மூடிய பிளாஸ்டிக்குக்குள் மணிக்கணக்கில் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் பக்கம் தொண்ணூறுகளில் எழுந்த வரிசை வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கலாம். அந்தக் காலத்து சாக்கெட் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், தகடு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதோடு நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறதே: இரண்டு கால் பிளக்கை நுழைக்க மேல் ஓட்டையில் பேனாவைக் குத்துவது! அப்படிச் செருகும் கால் சாக்கெட்டுக்குப் பொருந்தாதது. பிடிப்பும் சரியாக இருக்காது, தகடும் நாளடைவில் விரிந்துபோகும். தோட்டத்து லயன் வீடுகளில் ஒரே சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்கு மேல் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால், அங்கே ஸ்மார்ட் பிளக் பேச்சே வேண்டாம்.

அப்படியென்றால் எதற்குத்தான் போடுவது?

மின்விசிறி, சாமி மேடை விளக்கு, தீபாவளி சர விளக்கு, சார்ஜர், டிவி என்று எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். 700 வாட் ரைஸ் குக்கரும் சுமையைப் பொறுத்தவரை பரவாயில்லை. ஆனால் பட்டனைத் தொட்டால்தான் வேலை செய்யும் டிஜிட்டல் குக்கர், பிளக்கில் மின்சாரம் வந்தாலும் சும்மாதான் இருக்கும்.

அயன் பாக்ஸ், ஏர் ஃபிரையர், கெட்டில், துணி டிரையர் போன்ற சூடேற்றும் சாதனங்களைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணைப் பார்த்தால் 13 ஆம்பியருக்குள் அடங்கும்தான். ஆனால் ஆளில்லாத வீட்டில் ஒரு விரல் தட்டலில் ஆன் ஆகிவிடும் என்பதே போதுமான காரணம்.

தண்ணீர் பம்ப், ஏர்கோன், ஐஸ் பெட்டி போன்ற மோட்டார் உள்ளவை புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அந்த அடியில் பிளக்குக்குள் இருக்கும் ரிலே ஒட்டிப்போகலாம். ஒட்டிவிட்டால், ஆப் "ஆஃப்" என்று காட்டும், சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்! ஆகவே ஆப்பில் அணைத்ததை நம்பிப் பழுது பார்க்கவோ துடைக்கவோ கை வைக்காதீர்கள். சுவர் சுவிட்சையும் அணையுங்கள்.

இன்னொன்று: பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்பினால், பிளக் முன்பிருந்த நிலைக்கே போகுமா, ஆஃப் ஆகவே இருக்குமா? ஆப்பின் அமைப்பில் இதைப் பார்த்து "ஆஃப்" என்று வையுங்கள்.

வாங்கும்போது சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் பொருளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. பொருத்திய பிறகு, அரை மணி நேரம் ஓடவிட்டுப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, "ங்ங்" என்ற சத்தம், மீன் வாடை போன்ற நாற்றம் (பிளாஸ்டிக் வெந்தால் அப்படித்தான் மணக்கும்) எதுவாக இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கப் பாயாமல் முதலில் டிபி பாக்ஸில் அந்தப் பிரேக்கரை இறக்குங்கள். பிறகு பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்மார்ட் பிளக்கை மட்டும் புதிதாக வாங்கி அதே சாக்கெட்டில் செருகினால் அதுவும் உருகும். மீட்டருக்கு இப்பால் உள்ள வயரிங் வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதால், எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். புகையோ தீயோ தெரிந்தால், தண்ணீர் ஊற்றாமல் அனைவரும் வெளியேறி 999-க்கு அழையுங்கள்.