அலுவிகாரை வீதியும் வீட்டுத்தோட்டமும்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் வீதியோரத்தில் அமைந்துள்ள அலுவிகாரை, வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்பதை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். அதனைச் சூழ்ந்த கிராமங்களின் வீட்டுத்தோட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதோ அத்துணை கவனம் பெறவில்லை.

கண்டிப் பிரதேசத்துச் சிங்களக் குடியானவர் 'கெவத்த' என அழைக்கும் வீட்டுத்தோட்டத்திலே பலாவும் கமுகும் உயர்ந்து நிற்கும். கமுகிலே மிளகு படரும். அவற்றின் நிழலில் இஞ்சியும் மஞ்சளும் வளரும். வேலியோரத்தில் ஆடாதோடையும் ஈரநிலத்தில் வல்லாரையும் காணப்படும். கீரைவகைகள் இரும்புச்சத்தை அளித்தன. அரிசி அரிதாகிய காலத்திற் பலா பசி தீர்த்தது. இருமலுக்கும் செரியாமைக்கும் கைமருந்து வளவிலேயே கிடைத்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், இம்மக்கள் இலை, பட்டை முதலியவற்றால் மருந்து செய்துகொண்டமையை 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறிப்பிடுகின்றார்.

இதே வீதிவழியே பிறிதொரு மக்கட்கூட்டமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளையூடாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். பசிக்கும் வாந்திபேதிக்கும் வழியில் மாண்டோர் பலர். முருங்கை, தூதுவளை, துளசி ஆகியவற்றின் பயனை அவர்களும் அறிந்தேயிருந்தனர். அவற்றை நடுவதற்குரிய மண் அவர்களுக்கு இருக்கவில்லை.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. இதனாற் கிராமத்தவர் இழந்தவை பல. எனினும் வீட்டுத்தோட்டம் அவர்களிடம் எஞ்சிற்று. லயங்களிற் குடியமர்த்தப்பட்டோருக்கோ, தோட்ட நிருவாகம் இசைந்தால் மட்டுமே சிறு மரக்கறிப் பாத்தி வாய்த்தது. தோட்டப்புறக் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு மிகுந்து காணப்படுவதற்குக் காரணங்கள் பல. குறைந்த ஊதியம், நெருக்கமான குடியிருப்பு என்பவற்றோடு, கைக்கெட்டும் தூரத்திற் சொந்தக் கீரைப்பாத்தி இல்லாமையையும் சேர்த்து எண்ணுதல் தகும்.

இன்று இவ்வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் மிளகின் மருத்துவச் சிறப்பும் கறுவாவின் மருத்துவச் சிறப்பும் உல்லாசப் பயணிகளுக்கு எடுத்துரைக்கப்படுகின்றன. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தோர், காணியுரிமையைத் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக முன்வைத்தனர். வீட்டிற் செடி வளர்த்தல் உடல்நலத்திற்கு உகந்ததென அறிவுரை கூறுதல் எளிது. அதனைக் கைக்கொள்ள முதலில் வேண்டப்படுவது தமக்கெனச் சிறிது நிலமே என்பதனை இவ்வீதியின் வரலாறு எமக்கு உணர்த்துகின்றது.