நின்ற கட்டடமும் நில்லாத படிக்கட்டும்

2009 பெப்ரவரி 20ஆம் நாள் இரவு, விடுதலைப் புலிகளின் சிறு விமானமொன்று கொழும்பு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 15 மாடிக் கட்டடத்தில், அதன் மேல்மாடியொன்றில் மோதிற்று. கொச்சிக்கடையிலிருந்து மூன்று கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவு அது. விமானி தவிர இருவர் மாண்டனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தற்கொலைத் தாக்குதல் என்றனர் புலிகள். சுட்டு வீழ்த்தினோம் என்றது அரசு. எவ்வாறாயினும், கட்டடம் விழவில்லை.

இதில் வியப்பில்லை. சிலின் 143 வகை விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே ஒன்றரைத் தொன்னுக்குக் குறைவு. உயர்ந்த கட்டடமோ காற்றின் தள்ளுதலை நாள்தோறும் தாங்குவதற்கென்றே அமைவது. ஒரு தூண் முறிந்தால் அதன் பாரத்தை அயல் தூண்கள் பங்கிட்டுக்கொள்ளும். 1945 யூலை 28இல் மூடுபனியில் வழிதவறிய குண்டுவீச்சு விமானமொன்று நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதிப் பதினால்வர் இறந்தனர்; ஆயினும் இரண்டு நாள்களில் அங்குள்ள அலுவலகங்கள் பல திறக்கப்பட்டன.

2001 செப்டெம்பர் 11இல் நூறு தொன்னுக்கும் மேற்பட்ட போயிங் 767 மோதியும் உலக வர்த்தக மையத்தின் வடகோபுரம் உடனே சாயவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். 102 நிமிடம் அது நின்றது. வீழ்த்தியது தீ. மோதலில் உருக்கின் மேலிருந்த தீக்காப்புப் பூச்சு உதிர்ந்தது. 600 பாகை செல்சியசை அண்மிக்கும்போது உருக்கு தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். தளங்கள் தொய்ந்து, புறத்தூண்களை உள்ளே இழுத்தன.

அந்த 102 நிமிடத்தில் மேலிருந்தோர் ஏன் இறங்கவில்லை? இறங்க வழியில்லை. மூன்று படிக்கட்டுகளும் கோபுரத்தின் நடுவே, எளிதில் உடையும் சாந்துப்பலகைச் சுவர்களுக்குள் இருந்தன. மூன்றும் ஒரே அடியில் அறுந்தன. 92ஆம் மாடியிலும் அதற்கு மேலும் இருந்தோரில் ஒருவரும் தப்பவில்லை. 1968இல் திருத்திய நியூயோர்க் கட்டட விதி, படிக்கட்டுகளைக் குறைக்கவும் சுவர்களை இலேசாக்கவும் இடங்கொடுத்தது. படிக்கட்டுக்கு வாடகை கிடையாதல்லவா? மிச்சப்பட்ட இடம் வாடகைக்குப் போயிற்று.

2009ஆம் ஆண்டு அமெரிக்க மாதிரி விதி, 128 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு மேலதிகப் படிக்கட்டொன்றைக் கேட்டது. மாடிமனைகளுக்கு விலக்களித்தது. கொழும்பில் இன்று வானளாவ எழுந்து நிற்பவற்றுள் பல மாடிமனைகளே.