சீஸனைக் காப்பாத்தும் 'ஸ்டெப்னி'... பேக்கப் குவார்ட்டர்பேக்கை எப்படித் தேர்ந்தெடுக்கணும்?

2017 டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலீஸ் மைதானம். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-லில் செம ஃபார்மில் இருந்த பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் ஸ்டார் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. 'இந்த சீஸன் அவ்வளவுதான்' என ரசிகர்கள் தலையில் கைவைத்தார்கள். பெஞ்ச்சில் இருந்து எழுந்து வந்தார் நிக் ஃபோல்ஸ். சரியாக 8 வாரம் கழித்து, 2018 பிப்ரவரி 4-ல், பேட்ரியாட்ஸை 41-33 என வீழ்த்தி ஈகிள்ஸுக்கு முதல் சூப்பர் பௌல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஆட்டநாயகனும் அவர்தான்!

இது வெறும் அதிர்ஷ்டமா? பாதிதான் பாஸ். மீதி, அந்த சீஸன் தொடங்கும் முன்பே ஈகிள்ஸ் எடுத்த முடிவு.

இவர் ஏன் இவ்வளவு முக்கியம்?

குவார்ட்டர்பேக்தான் அணியின் மூளை. தாக்குதலில் கிட்டத்தட்ட எல்லா முறையும் பந்து முதலில் வருவது இவர் கைக்குத்தான். வீசுவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று சில விநாடிகளில் முடிவெடுக்கணும். அதற்குள் 130 கிலோவுக்கு மேல் இருக்கும் ஆட்கள் மேலே வந்து விழுவார்கள். அடிபடாமல் ஒரு சீஸனை முடிப்பதே பெரிய விஷயம்.

இதை மறந்தால் என்ன ஆகும்? இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸைக் கேளுங்க. பெய்ட்டன் மேனிங் 13 சீஸன்களில் ஒரு மேட்ச்கூட விடாமல் தொடர்ந்து 208 லீக் மேட்ச்களில் களமிறங்கியவர். 2011-ல் கழுத்து அறுவை சிகிச்சையால் முழு சீஸனும் ஆட முடியவில்லை. ஓய்வை அறிவித்துவிட்டு வீட்டில் இருந்த கெர்ரி காலின்ஸை ஆகஸ்ட் கடைசியில் அவசரமாக அழைத்து வந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! முந்தைய வருடம் 16-ல் 10 ஜெயித்த அணி, அந்த வருடம் ஜெயித்தது வெறும் 2.

சரி, எதைப் பார்த்து எடுக்கணும்?

1. ஸ்டைல் செட் ஆகணும்: பேக்கப் பெரிய ஸ்டாராக இருக்கணும்னு அவசியமில்லை. அணியின் ஆட்டமுறைக்குப் பொருந்தணும். அப்படியே பொருந்தாவிட்டாலும், கோச் அவருக்கேத்த மாதிரி மாற்றத் தயாராக இருக்கணும். ஃபோல்ஸ், வென்ட்ஸ் போல ஓடக்கூடியவர் இல்லை. அதனால் அவருக்குப் பழகிய ஆட்டங்களை கோச் டக் பீடர்சன் அதிகமாகச் சேர்த்தார்.

2. பயிற்சி இல்லாமலே ரெடியா இருக்கணும்: வாரம் முழுக்கப் பயிற்சியில் பெரும்பங்கு மெயின் ஆளுக்குத்தான். பேக்கப்போ, அடுத்த மேட்ச் எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி ஆடிக்காட்டி, தன் அணியின் டிஃபென்ஸுக்கு உதவுவார். வீடியோ பார்த்தும் படித்துமே தயாராகும் ஆள் வேண்டும்.

3. ஈகோ கூடாது: மெயின் ஆளுக்குப் போட்டியாகக் குழப்பம் செய்யாமல், எதிரணியைப் பற்றிக் கவனித்ததை அவரிடமே சொல்லணும். ஆனா, களத்தில் இறங்கினால் 'நான்தான் தலைவன்' என்ற தைரியமும் வேணும். இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

4. பட்ஜெட்: என்.எஃப்.எல்-லில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2017-ல் ஒரு அணிக்கு 167 மில்லியன் டாலர். பேக்கப்புக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேறொரு வீரருக்குப் போகாத டாலர். ஈகிள்ஸ் அந்த ரிஸ்க்கை எடுத்து, ஃபோல்ஸை 2 வருடத்துக்கு 11 மில்லியன் டாலருக்கு எடுத்தது.

அனுபவமா, இளமையா?

அனுபவசாலி உடனே கைகொடுப்பார். 2023 நவம்பரில், எந்த அணியிலும் இல்லாமல் இருந்த 38 வயது ஜோ ஃப்ளாக்கோவை கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் எடுத்தது. லீக்கில் அவர் தொடங்கிய 5 மேட்ச்சில் 4 வெற்றி, பிளே ஆஃப் டிக்கெட் கன்ஃபார்ம்! இளைஞர் என்றால் சம்பளம் குறைவு, நாளைய ஸ்டாராகவும் ஆகலாம். 2000 டிராஃப்டில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி, 2001-ல் ட்ரூ பிளெட்சோ காயமடைந்ததால்தான் களத்துக்கு வந்தார். அந்த சீஸனே சாம்பியன். ஆனா, எல்லா இளைஞரும் பிரேடி ஆகிவிட மாட்டார்கள். இந்த வருடமே கோப்பை ஜெயிக்க நினைக்கும் அணிக்கு அனுபவசாலி பெட்டர். புதிதாகக் கட்டமைக்கும் அணி இளைஞரை வளர்க்கலாம்.

ஸ்டெப்னிக்கும் ஸ்டெப்னி!

2023 ஜனவரியில் சூப்பர் பௌலுக்கு முந்தைய மேட்ச்சில், சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம். மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. வேறு ஆளில்லாமல், பந்தைச் சரியாக வீசவே முடியாத பர்டி திரும்ப வந்தார். 31-7 எனத் தோல்வி. இதன் பிறகுதான், இருவரும் அடிபட்டால் அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக்கை இறக்கலாம் என்ற விதி அதே வருடம் வந்தது.

மொத்தத்தில், பேக்கப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு கோச்சும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நாளைக்கே இவர் இறங்கினா, நம்ம டீம் ஜெயிக்குமா?" பதில் 'தெரியலை' என்றால், தேடலை இன்னும் நிறுத்தக்கூடாது.