ஆமைக்குத் தின்பண்டம் கொடுத்த கதை

போன மாதம் லண்டனில் இருக்கும் என் சித்தி போன் செய்தார். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ஆமைக்குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். ஹெர்மன் வகை ஆமை. ஒரு வயதுகூட ஆகவில்லை, உள்ளங்கையில் அடங்கிவிடும். "ஏண்டா, நீதான் எப்பப் பார்த்தாலும் நெட்டே கதின்னு இருக்கியே, ஆமைக்கு ஸ்ட்ராபெரி கொடுக்கலாமா? பாப்பா தினமும் ஊட்டிவிடுறா, அதுவும் ஆசையா சாப்பிடுது" என்றார்.

பி.காம். படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் தேடிப் படித்தேன். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சோகக் கதையே இருக்கிறது. அதுவும் அதே இங்கிலாந்தில்.

(நம்மூர் நண்பர்கள் ஆசைப்பட வேண்டாம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற ஆமை டிமோதி. ரிங்மர் என்ற ஊரில் ஒரு அம்மையார் பல பத்தாண்டுகளாக அதை வளர்த்தார். 1780-ல் அவர் இறந்ததும், அவருடைய அண்ணன் மகனான கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், மண்ணுக்குள் குளிர்காலத் தூக்கத்தில் இருந்த ஆமையைத் தோண்டி எடுத்து, பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் தூரம் தன் ஊரான செல்போர்னுக்குக் கொண்டுபோனார். அவர் சும்மா வளர்க்கவில்லை. எப்போது விழிக்கிறது, எப்போது சாப்பிடுவதை நிறுத்துகிறது, எடை எவ்வளவு என்று குறித்துக்கொண்டே இருந்தார். கிள்ளினால் பால் வடியும் செடிகளான லெட்யூஸ், டேன்டலியன், முள்ளுக்கீரை போன்ற ஒரு காட்டுச்செடி ஆகியவைதான் அதற்கு ரொம்பப் பிடித்தவை என்று எழுதி வைத்தார். கவனியுங்கள், அவர் தனக்குப் பிடித்ததை ஆமைக்குக் கொடுக்கவில்லை. ஆமைக்குப் பிடித்தது என்ன என்று பார்த்தார். 1793-ல் ஒயிட் இறந்தார், அடுத்த வருடம் டிமோதியும் போய்ச் சேர்ந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓட்டைப் பார்த்துத்தான் பிற்பாடு தெரிந்தது, டிமோதி ஆண் இல்லை, பெண்! இவ்வளவு கூர்ந்து பார்த்தவரே அதைக் கோட்டை விட்டிருக்கிறார்.

ஒயிட் எழுதியது அச்சிலேயே இருந்தது. ஆனால் அடுத்த நூற்றாண்டில் ஆமை வாங்கியவர்கள் யாரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. மொராக்கோ, துருக்கி, கிரீஸ், யூகோஸ்லாவியா என்று பல இடங்களில் காட்டில் பிடித்த ஆமைகள் கூடைகூடையாக இங்கிலாந்துக்கு வந்து இறங்கின. லட்சக்கணக்கில். விலை மலிவு என்பதால் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி வாங்கிக் கொடுத்தார்கள். ஓடிவிடாமல் இருக்க ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டினார்கள். ஓடு என்பது உயிருள்ள எலும்பு என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சாப்பாடு? பாலில் நனைத்த ரொட்டி. தக்காளி. வெள்ளரிக்காய். பிற்பாடு நாய் பிஸ்கட், பூனைக்கான டப்பா உணவு வரை. எல்லாம் அன்பால்தான். பாட்டி பேரனுக்கு முறுக்கு கொடுப்பது மாதிரி. ஆனால் ஊர்வன இனத்தில் பால் குடிக்கும் பழக்கமே கிடையாது. இவை நார்ச்சத்துள்ள காய்ந்த செடிகளைத் தின்று, பெருங்குடலில் மெதுவாகப் புளிக்கவைத்துச் செரிக்கும் பிராணிகள். அங்கே சர்க்கரை மிகுந்த பழம் தினமும் போனால் வயிறு கெட்டுவிடும். சரியாக உடம்பு தேறாத ஆமையை அட்டைப்பெட்டியில் வைக்கோலோடு போட்டு குளிர்காலத்துக்கு மூடிவிட்டு, வசந்தத்தில் திறந்து பார்த்தால் செத்திருக்கும். வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் வருடத்தையே தாண்டவில்லை. போனால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். 1984-ல் ஐரோப்பியச் சமூகம் இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது.

அதற்கப்புறம்தான் வீட்டிலேயே முட்டை பொரித்துக் குஞ்சு வளர்ப்பது பெருகியது. புதுச் சிக்கலும் வந்தது. குட்டிகளின் ஓடு வழவழப்பாக இல்லாமல் பிரமிடு பிரமிடாகப் புடைத்து வளர்ந்தது. புரதம் அதிகமான தீனிதான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். 2003-ல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 50 ஆப்பிரிக்க ஆமைக்குஞ்சுகளை ஐந்து மாதம் வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்தார்கள். புடைப்புக்கு முக்கியக் காரணம் வறண்ட காற்று, புரதத்தின் பங்கு ரொம்பக் குறைவு என்று முடிவு வந்தது. இத்தனை வருடம் தட்டைக் குறை சொன்னவர்கள் கூண்டின் காற்றைப் பார்க்கவே இல்லை!

அதற்காகத் தின்பண்டத்துக்கு முழு விடுதலை கிடையாது. இங்கேதான் என் பாடம் உதவியது. கால்சியம் வரவு, பாஸ்பரஸ் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு வரவு செலவைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள். 100 கிராம் டேன்டலியன் இலையில் கால்சியம் 187 மில்லிகிராம், பாஸ்பரஸ் 66. நல்ல லாபம். ஸ்ட்ராபெரியில் 16-க்கு 24. தக்காளியில் 10-க்கு 24. வாழைப்பழத்தில் 5-க்கு 22, அது திவால் கேஸ். பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் எடுத்து ஈடுகட்டும். குட்டியின் ஓடு மெத்தென்று ஆவது அப்படித்தான். வெயிலோ, புற ஊதா விளக்கோ இல்லாவிட்டால் கொடுத்த கால்சியமும் உடம்பில் ஒட்டாது. பாதிரியார் ஒயிட்டுக்குக் கால்சியம் கணக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் பட்டியலில் டேன்டலியன் இருந்தது.

சித்திக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் ஸ்ட்ராபெரி வேண்டாம், எப்போதாவது விரல்நுனி அளவு ஒரு துண்டு போதும். மருந்து தெளிக்காத இடத்தில் முளைத்த டேன்டலியன் இலையும் அந்த மஞ்சள் பூவும் கொடுங்கள். ஓடு அழுத்தினால் அமுங்குகிறதா என்று ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பாப்பா முதலில் அழுதாளாம். அப்புறம் மஞ்சள் பூவை நீட்டியதும் அது கழுத்தை எக்கி லபக்கென்று வாங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டாளாம்.

பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். டாமி என்றார்கள். ஆணா பெண்ணா என்று தெரிய இன்னும் சில வருடங்கள் ஆகுமாம்.