கொச்சியின் வாசற்படி

துறைமுகங்களில் இரண்டு வகை உண்டு. இயற்கை கொடுத்தது ஒன்று. மனிதன் கட்டிக்கொண்டது மற்றொன்று. சென்னைத் துறைமுகம் இரண்டாவது வகை. அலையடிக்கும் வெறுங்கடலில் கல்லைக் கொட்டி, சுவர் எழுப்பி உண்டாக்கியது அது. கொச்சியை எல்லோரும் முதல் வகையில் சேர்ப்பது வழக்கம். "இயற்கைத் துறைமுகம்" என்று பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் நாமெல்லாம் நெட்டுருப் போட்டவர்கள்தானே! ஆனால் கொச்சியின் சரித்திரத்தைச் சற்றுக் கிளறிப் பார்த்தால், அந்தப் பாடம் பாதி உண்மை என்று தெரியவரும். இயற்கை அங்கே வீட்டைக் கட்டிக் கொடுத்தது. முன்வாசலையும் வைத்துக் கொடுத்தது. ஆனால் அந்த வாசலின் குறுக்கே, யாரும் எளிதில் தாண்ட முடியாத வாசற்படி ஒன்றையும் போட்டுவிட்டது.

கொச்சிக்கு முன்னால் அந்தக் கரையில் பேரும் புகழுமாக இருந்தது முசிறி. யவனர் கப்பல்கள் அங்கே பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிப் போன சமாசாரத்தைச் சங்கப் புலவர்கள் வாயாரப் பாடியிருக்கிறார்கள். கொடுங்கல்லூர்ப் பக்கம், பெரியாறு கடலில் விழும் இடத்தருகே இருந்த பட்டினம் அது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது என்றும், பழைய முகத்துவாரம் மண்மூடித் தூர்ந்து, தெற்கே கொச்சியில் புது வழி திறந்தது என்றும் சரித்திர ஆசிரியர்கள் சொல்லி வருகிறார்கள். கிழக்கே மலையில் பெய்த மழை ஓர் ஊரின் செல்வத்தைப் பிடுங்கி இன்னோர் ஊரின் மடியில் போட்டுவிட்டது! ஒருவருக்கு வாசல் திறக்கும்போது இன்னொருவருக்கு வாசல் அடைபடுகிறது என்பதுதான் கொச்சித் துறைமுகத்தின் ஜாதகத்தில் முதல் வரி. பிற்பாடு நடந்ததைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறந்த வாசலில் வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1500-ஆம் ஆண்டு டிசம்பரில் காப்ரால் என்ற போர்ச்சுகீசியத் தளபதி வந்தார். 1503-ல் அவர் இனத்தார் கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களை வெளியேற்றினார்கள். 1806-ல் கோட்டையின் பெரும்பகுதியை வெடிவைத்துத் தகர்த்தும் விட்டார்கள். இவர்கள் எல்லோரும் மிளகுக்காக வந்தவர்கள். நம் வீட்டு ரசத்தில் மிதக்கிறதே, அதே மிளகு!

இந்தச் சரித்திரத்தை ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு நண்பர்கள் நால்வர் புறப்பட்டோம். ஒருவர் ஓய்வு பெற்ற இஞ்சினீயர். இன்னொருவர் பள்ளிக்கூட ஆசிரியர். மூன்றாமவர் வங்கியில் வேலை பார்ப்பவர், எதையும் "இதற்கு என்ன செலவு?" என்று கேட்காமல் விடமாட்டார். நான்காவது ஆசாமி இந்த வரிகளை எழுதுகிறவன்.

கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்த்தோம். வாஸ்கோ ட காமா 1524-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இந்த ஊரிலேதான் காலமானார். அவரை இங்கே அடக்கம் செய்து, சில ஆண்டுகளுக்குப் பிறகு எலும்புகளைத் தோண்டிப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. "மிளகு மட்டுமல்ல, மனிதரும் ஏற்றுமதிதான்" என்றார் ஆசிரியர்.

மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் ஆலயத்துக்குப் போனோம். நீலச் சித்திரம் எழுதிய சீனத்து ஓடுகள் பாவிய தரை. மேலே கண்ணாடி விளக்குகள். எங்களைக் கவர்ந்தது வேறொன்று. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், சுமார் கி.பி. 1000-ல், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு உரிமைகள் கொடுத்து எழுதிய செப்பேடுகள் கொச்சி யூதர்களின் பெருஞ்செல்வம். அவை வட்டெழுத்தில், அக்காலத்து மேலைக் கடற்கரைத் தமிழில் எழுதப்பட்டவை. ஜெருசலேமை நோக்கித் தொழுத ஜனங்கள், தங்கள் உரிமைப் பத்திரத்தை நம் மொழியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்! 1948-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

பிற்பகலில் ஒரு மோட்டார்ப் படகை அமர்த்திக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றினோம். சீன வலைகள் வரிசையாக நின்றன. மூங்கிலும் தேக்குமாகக் கட்டிய பெரிய கொக்குகளைப் போல அவை குனிந்து தண்ணீருக்குள் வலையை இறக்குகின்றன. மறுமுனையில் கயிற்றில் தொங்கும் கற்கள் எடைக்கு எடை நிற்க, நாலைந்து பேர் இழுத்தால் வலை மேலே வருகிறது. சீனர் கொண்டுவந்தார்கள் என்பார் சிலர்; மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள் என்பார் சிலர். நாங்கள் பார்த்த நேரத்தில் வலையில் மீனைவிடப் புகைப்படம் எடுப்பவர்களின் நிழல்தான் அதிகம் விழுந்தது.

படகு முகத்துவாரத்தை நெருங்கியதும் இஞ்சினீயருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இங்கேதான் ஐயா, அந்த வாசற்படி இருந்தது!" என்றார்.

அவர் சொன்னது மணல் திட்டு. முகத்துவாரத்துக்கு வெளியே, நீருக்கடியில், கல் போல் இறுகிய மணல் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் எட்டொன்பது அடித் தண்ணீர்தான் நின்றது. பாய்மரக் கப்பல் காலத்தில் அது போதும். நீராவிக் கப்பல்கள் பெருத்த பிறகு போதவில்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். மழைக்காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும். உள்ளே ஏரி போல் அமைதியான காயல். வெளியே கொந்தளிப்பில் தவிக்கும் கப்பல். நடுவே இந்தப் படி.

படியை வெட்டிவிட்டால் என்ன? வெட்டினால் கரை தாங்குமா என்பதுதான் பயம். அழிமுகத்துக்கு வடக்கே வைப்பீன் தீவின் கரையைக் கடல் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அரசியல் சிக்கல் வேறு. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் பூமி. எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி மகாராஜாவுக்கு. காயலின் மற்ற பக்கங்களில் திருவிதாங்கூர். ஒரே தண்ணீருக்கு மூன்று எஜமானர்கள்!

சென்னைக் கவர்னர் வில்லிங்டன் பிரபு அனுப்ப, 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுக இஞ்சினீயர் கொச்சிக்கு வந்தார். அவர் எடுத்த எடுப்பில் மண்வெட்டியைத் தூக்கவில்லை. அலையையும் நீரோட்டத்தையும் மணல் நகரும் விதத்தையும் கூர்ந்து கவனித்தார். முதலில் கருங்கல் அணைகள் போட்டு வைப்பீன் கரையைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். 1925-ல் அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு "லார்டு வில்லிங்டன்" என்ற தூர்வாரிக் கப்பல் வந்து மணல் திட்டைக் குடைந்தது. 1928-ஆம் ஆண்டு மே 26-ந் தேதி "பத்மா" என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண் வீணாகவில்லை. சின்னஞ்சிறு வெண்டுருத்தித் தீவோடு அதைக் கொட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 780 ஏக்கரில் வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். 1936-ல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1941-ல் பிரிஸ்டோ ஊர் திரும்பினார்.

"பகீரதன் கங்கையைக் கொண்டுவந்தான், இவர் கடலைக் கொண்டுவந்தார்!" என்றார் இஞ்சினீயர்.

"இதற்கு என்ன செலவு?" என்றார் வங்கிக்காரர், வழக்கம் போல.

"செலவு இன்னும் முடியவில்லை. வெட்டின வழியில் மணல் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வாரிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் கடல் மறுபடியும் படியைக் கட்டிவிடும்" என்று இஞ்சினீயர் பதில் சொன்னார்.

இந்தச் சம்பாஷணையைக் கேட்டுக்கொண்டிருந்த படகோட்டி, வல்லார்பாடம் தீவின் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ராட்சத ஒட்டகச்சிவிங்கிகளைப் போலப் பளுதூக்கிகள் நின்றன. 2011 பிப்ரவரியில் திறந்துவைத்த சரக்குப் பெட்டி முனையம் அது. "சாரே, அதற்கும் அப்புறம் மூலம்பிள்ளி" என்று மட்டும் அவர் சொன்னார். ஆசிரியருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அவர்தான் எங்களுக்கு விவரம் சொன்னார்.

முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் வேண்டியிருந்தன. அதற்காக மூலம்பிள்ளியிலும் சுற்றியுள்ள ஊர்களிலுமாக 316 குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்தன. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி மூலம்பிள்ளியில் போலீஸ் காவலோடு வீடுகளை இடித்தார்கள். ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். அடுத்த மாதமே அரசாங்கம் மறுவாழ்வுத் திட்டம் அறிவித்தது. ஆனால் ஒதுக்கிய மனைகளில் பல, வீடு தாங்காத சதுப்பு நிலம். ஆண்டுகள் பல சென்றும் பல குடும்பங்கள் வாடகை வீட்டிலும் உறவினர் வீட்டிலும் காலம் தள்ளின.

இஞ்சினீயர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "துறைமுகம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"அப்படி யார் சொன்னது? மணல் திட்டை வெட்டுவதற்கு முன்னால் பிரிஸ்டோ என்ன செய்தார்? வைப்பீன் கரை தாங்குமா என்று பார்த்தாரா இல்லையா? கல்லைப் போட்டுக் கரையைக் காத்துவிட்டு அப்புறம்தானே வெட்டினார்? அந்த நிதானத்தை மனிதர்கள் விஷயத்திலும் காட்டக்கூடாதா?" என்றார் ஆசிரியர்.

இதற்கு எங்களில் யாரும் மறுமொழி சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

1341-ல் வாசலைத் திறந்தது வெள்ளம். முசிறிக்காரர்களிடம் அது அனுமதி கேட்கவில்லை. வெள்ளத்திடம் யாரும் நியாயம் எதிர்பார்க்கவும் முடியாது. 1928-ல் வாசலைத் திறந்தவன் மனிதன். அன்று முதல் கொச்சி பாதி இயற்கைத் துறைமுகம், பாதி மனிதன் செய்த துறைமுகம். இயற்கையின் வேலையை எடுத்துக்கொண்ட மனிதன், இயற்கைக்கு இல்லாத ஒன்றையும் கூடவே எடுத்துக்கொண்டாக வேண்டும். அதற்குப் பொறுப்பு என்று பெயர். வாசலைத் திறப்பதற்கு முன்னால், வாசற்படியில் யார் குடியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதுதான் அது. கடலடி மணலை ஆண்டுதோறும் அளந்து கணக்கு வைக்கும் ஊருக்கு, 316 குடும்பங்களை எண்ணுவது அப்படி ஒன்றும் கடினமான கணக்கு அல்ல.