செட்டிநாட்டுக் கல்வி வரலாற்றில் பாவனை முறை: எண்சுவடியிலிருந்து நுண்ணிலைக் கற்பித்தல் வரை

ஆய்வுச் சுருக்கம்

கல்வியியல், உளவியல் ஆய்வுகளில் பாவனை முறை இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டிலிருந்து வந்த புதுவரவாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. செட்டிநாட்டு நகரத்தாரிடையே நிலவிய கணக்குப் பயிற்சியையும், பின்னர் அப்பகுதியில் வேரூன்றிய ஆசிரியர் கல்வியையும் ஒருங்கே நோக்கி, அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாவனைப் பயிற்சி வேறு, தொழிற்பயில்வு வேறு என்பதும், நகரத்தாரின் கணக்குத்திறன் பிறவியில் அமைந்தது என்னும் கூற்றைப் புள்ளியியல் பாவனையின் துணையோடு மறுபரிசீலனை செய்ய இயலும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச் சொற்கள்: பாவனை முறை, எண்சுவடி, பெட்டியடி, நகரத்தார், நுண்ணிலைக் கற்பித்தல், சமவாய்ப்பு மாதிரி.

முன்னுரை

சிவகங்கை மாவட்டத்தைச் சார்ந்த கண்டரமாணிக்கம் செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளுக்குக் கொண்டுவிற்கச் சென்ற இளைஞர்கள், தாம் கண்டிராத நாட்டில், பழகியிராத மக்களிடையே, பிறருடைய முதலைக் கையாளும் பொறுப்பை ஏற்றனர். கடல் கடப்பதற்கு முன்பே அப்பொறுப்பிற்கு அவர்கள் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டனர் என்பது கல்வி வரலாற்றில் முதன்மையான வினாவாகும்.

உண்மைச் சூழலின் இன்றியமையாக் கூறுகளை மட்டும் பிரித்தெடுத்து, பிழையின் விளைவு எவரையும் தாக்காதவாறு பயிலவோ ஆராயவோ அமைத்துக்கொள்ளும் மாற்றுச் சூழலே இக்கட்டுரையில் ‘பாவனை’ எனப்படுகிறது.

திண்ணைப் பள்ளியும் கற்பனைக் கடனும்

தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் கணிதக் கல்விக்கு எண்சுவடி அடிப்படையாக அமைந்தது. மாணவர்கள் மணலில் எழுதியும், சட்டாம்பிள்ளை முன்னே சொல்லப் பின்னே ஒருமித்துச் சொல்லியும் வாய்பாடுகளை மனத்தில் இருத்தினர். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16), அரைக்கால் (1/8) எனக் கீழ்வாய் இலக்கங்கள் விரிந்தன. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுதலையும் மாணவரே மாணவருக்குக் கற்பித்தலையும் அங்கு நடைமுறைப்படுத்தி, அவற்றை ஒரு கல்விப் பரிசோதனையாக 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஆயினும் பிற்காலக் காலனியக் கல்வியாளர் பலர் திண்ணைக் கல்வியை வெறும் மனப்பாடம் என்றே ஒதுக்கினர்.

இம்மதிப்பீடு முழுமையானதன்று. திண்ணைப் பள்ளிகளின் கணிதத்தை விரிவாக ஆராய்ந்த செந்தில்பாபு, அங்கு நினைவாற்றல் கற்றலின் தடையாக அன்றிக் கற்றலின் வழியாகவே செயல்பட்டது என நிறுவியுள்ளார். வட்டிக் கணக்கு ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி வீதத்தில் 480 ரூபாய்க்கு ஐந்து மாத வட்டி யாது என்பது வினா. ஒரு மாத வட்டியை முதலில் கண்டால் 3.60 ரூபாய் வரும். இது அணா, பைசா வழக்கில் முழுமையாக அடங்காத தொகை. பயிற்சியுடையவர் ஐந்து மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றே முக்கால் ரூபாய் என முதலில் கொள்வார். நானூறுக்குப் பதினைந்தும் எண்பதுக்கு மூன்றும் சேர்ந்து பதினெட்டு ரூபாய் என உடனே விடை வரும். வாய்பாடு மனத்தில் இருந்தால் மட்டும் இவ்விடை எளிதில் கிட்டாது. எப்படியைச் சுருக்கலாம் எனத் தெரிவுசெய்யும் திறனும் வேண்டும். அத்திறன் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் இல்லாத கற்பனைக் கணக்குகளைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வளர்வது. இவ்வகையில் இது பாவனைப் பயிற்சியே.

பெட்டியடி: பாவனையின் எல்லை

திண்ணையில் தொடங்கிய பயிற்சி கிட்டங்கியில் தொடர்ந்தது. அயல்நாட்டு நகரங்களில் பல நிறுவனங்கள் ஒரே கூடத்தில் தத்தம் பெட்டிகளுடன் இயங்கிய இடமே கிட்டங்கி. அங்கு சேரும் சிறுவன் பெட்டியடிப் பையனாக ஏவல்களைச் செய்து, கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வான். ஒரு பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. குறிப்பிலிருந்து பேரேட்டிற்குப் பெயர்த்தெழுதுதலும் ஐந்தொகை எடுத்தலும் இக்காலத்தில் கைவந்தன. நகரத்தாரின் வணிகத்தை ஆராய்ந்த டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல், இவ்வமைப்பைச் சாதி உறவுகளோடும் கோயில் கொடைகளோடும் இணைந்த ஒரு நிதி நிறுவனமாக விளக்குகிறது.

பெட்டியடியையும் பாவனைப் பயிற்சி என அழைப்பது பிழையாகும். பெட்டியடிப் பையன் பெயர்த்தெழுதும் தொகை உண்மைத் தொகை. அவனது பிழை உண்மை இழப்பு. ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் விளக்கிய, செயற்களத்தின் விளிம்பில் நின்று படிப்படியாக நடுவிடத்தை நோக்கி நகரும் கற்றலுக்கே இது நெருக்கமானது. பாவனையில் பிழை செய்யும் உரிமை கற்பவருக்கு உண்டு. தொழிற்பயில்வில் அவ்வுரிமை சுருங்கி, பொறுப்பு பெருகுகிறது. மரபுவழிக் கல்வி முழுவதையும் இன்றைய பாவனை முறையின் முன்னோடியாகக் காட்டும் ஆர்வம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

திறனும் தற்செயலும்

நகரத்தாரின் வெற்றிக்குப் பிறவியிலேயே அமைந்த கணக்குத்திறனே காரணம் என்னும் கருத்து இன்றும் வழக்கில் உள்ளது. இதனைச் சோதிக்கப் பாவனை முறையின் மற்றொரு கிளை உதவுகிறது. ‘ஸ்டூடன்ட்’ என்னும் புனைபெயரில் எழுதிய கோசெட், 3,000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதி, அவற்றைக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகள் எடுத்துத் தம் சூத்திரத்தைச் சரிபார்த்தார் (1908). டிப்பெட் 1927இல் 41,600 இலக்கங்கள் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டார். இந்தியாவில் மகாலனோபிஸும் அவர்தம் குழுவினரும் 1934இல் ‘சங்க்யா’ இதழில் இயல்நிலைப் பரவலிலிருந்து எடுத்த மாதிரி அட்டவணைகளை வெளியிட்டனர். 1949இல் மெட்ரோபோலிஸும் உலாமும் எழுதிய கட்டுரைக்குப் பின் இவ்வழி மான்டி கார்லோ முறை எனப் பெயர்பெற்றது. உளவியலில், காரணிப் பகுப்பாய்வில் எத்தனை காரணிகளை ஏற்கலாம் என்பதை முடிவுசெய்யத் தற்செயல் தரவுகளை ஒப்புநோக்கும் முறையை ஹார்ன் 1965இல் முன்வைத்தார். தரவில் காணும் ஒழுங்கு தற்செயலாகவே தோன்றக்கூடிய அளவினதா எனக் கேட்பதே இவற்றின் பொதுப்பண்பு.

இக்கேள்வியைச் செட்டிநாட்டுக்குப் பொருத்தலாம். 1929-30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்தனவென மதிப்பிட்டது. திறன் வேறுபாடே இல்லை எனவும், ஒவ்வொரு மூன்றாண்டிலும் ஒரு நிறுவனம் சிறந்த ஆதாயம் ஈட்டும் வாய்ப்பு நாணயம் சுண்டுவது போலச் சரிபாதி எனவும் கொள்வோம். ஐந்து காலங்கள், அதாவது பதினைந்து ஆண்டுகள், தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. ஆகவே 1,650 நிறுவனங்களுள் ஏறத்தாழ 52 நிறுவனங்கள் தற்செயலாகவே தொடர்வெற்றி காணும். அவற்றின் உரிமையாளர்களே பெருவீடுகளும் திருப்பணிகளும் எழுப்பிப் பெயர் நாட்டியிருப்பர்; இடையில் தோற்று ஊர் திரும்பியோர் நினைவிலிருந்து மறைந்திருப்பர். எனவே எஞ்சி நிற்கும் மாளிகைகளைக் கொண்டு பிறவித்திறனை நிறுவ இயலாது. இக்கணக்கு திறன் இல்லை என நிறுவுவதன்று; திறன் உண்டெனக் கூறுவோர் காட்டவேண்டிய சான்றின் அளவை உயர்த்துவதாகும்.

இம்மாதிரிக்கும் எல்லை உண்டு. நிறுவனங்களின் வெற்றி தோல்விகள் ஒன்றையொன்று சாராதவை என்பது இதன் எடுகோள். 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது அவ்வெடுகோள் தகர்ந்தது. கடன் கொடுத்தோர் அனைவரும் ஒருங்கே பாதிக்கப்பட்டனர். கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடானது. கடன் நிலமாக மாறியது, உழவர் நிலமிழந்தனர், பகைமை மூண்டது. எண்சுவடிக் கணக்கில் கடன்பட்டவருக்கு விளைச்சலும் இல்லை, குடும்பமும் இல்லை. வட்டியைப் பிழையின்றிக் கணக்கிடப் பயிற்றிய பாவனை, அவ்வட்டியைச் செலுத்த இயலாத மனிதரை எதிர்கொள்ளப் பயிற்றவில்லை.

நுண்ணிலைக் கற்பித்தல்

விடுதலைக்குப் பின் செட்டிநாடு உயர்கல்வி மையமாக வளர்ந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியாரின் முயற்சியால் காரைக்குடியில் 1947இல் கலைக் கல்லூரியும், 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் தோன்றின; 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. இதற்கிடையில் 1963இல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் அவர்தம் குழுவினரும் நுண்ணிலைக் கற்பித்தலை உருவாக்கினர். அங்கு மெய்யான மாணவர் சிலரைக் கொண்டே சிறு வகுப்புகள் நடத்தப்பட்டன. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமமும் பரோடாப் பல்கலைக்கழகமும் 1970களில் வகுத்த இந்திய மாதிரியில், உடன்பயிலும் பயிற்சி ஆசிரியரே மாணவராகப் பாவனை செய்தனர். கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6 என 36 நிமிடச் சுழற்சி வகுக்கப்பட்டது.

வசதி குறைந்த கல்லூரிகளுக்கு இம்மாற்றம் பெரும் வாய்ப்பளித்தது. ஆனால் எண்சுவடியில் கண்ட குறை இங்கும் மீள்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் பத்து வயதுச் சிறுவனாக நடிக்கும்போது, அவருக்கு முன்பே தெரிந்த விடையைத்தான் தெரியாததுபோலக் காட்டுகிறார். சிறுவனின் உண்மையான குழப்பத்தை அவரால் உருவாக்க இயலாது. ஆதலின் பாவனை வகுப்பில் பெற்ற திறன் அளவீட்டை மட்டும் கொண்டு மெய்வகுப்பில் பயன் உண்டு என முடிவுரைக்கும் ஆய்வு, தன் சான்று அனுமதிக்கும் எல்லையைக் கடக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பாவனைவழிக் கற்றல் செட்டிநாட்டிற்குப் புதிதன்று. எனினும் எண்சுவடிப் பயிற்சியே அதன் எல்லைக்குள் அடங்கும், பெட்டியடி அடங்காது. இரண்டாவதாக, ஒரு சமூகத்தின் திறன் பற்றிய கூற்றுகளை ஏற்குமுன் தற்செயல் மாதிரியோடு ஒப்பிடுதல் வரலாற்றாய்விற்கும் பயன்தரும். மூன்றாவதாக, பாவனை எதை விட்டுவிடுகிறதோ அதுவே மெய்க்களத்தில் இடர்ப்பாடாக வந்து நிற்கிறது. கடனாளி விடுபட்ட கணக்கும் குழந்தை விடுபட்ட வகுப்பும் இதற்குச் சான்றுகள். ஆகவே பாவனை முறையைக் கையாளும் ஆய்வேடு, தான் எதைச் சேர்த்தது என்பதோடு எதை நீக்கியது என்பதையும் வெளிப்படையாகப் பதிவு செய்தல் வேண்டும்.